பூட்டான் பயணம்: விசா, நுழைவு அனுமதி, கட்டணங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பூட்டானுக்குப் போக இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பது பலரும் அறிந்ததுதான். ஆனால் விசா தேவையில்லை என்பதும் எந்த ஆவணமும் தேவையில்லை என்பதும் ஒன்றல்ல. இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் வந்து எல்லையில் நிற்கும்போதுதான் சிலருக்கு இது உறைக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து புறப்படுவோர் கேட்கும் கேள்விகளையே இங்கே முதன்மையாக எடுத்துக்கொண்டிருக்கிறோம். பிற நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கான விதிகள் வேறு. அவை தனிக் கேள்வியாக வருகின்றன.

இந்தியர்களுக்கு விசா வேண்டுமா, வேண்டாமா?

வேண்டாம். அதற்குப் பதிலாக நுழைவு அனுமதி, அதாவது பேச்சுவழக்கில் பெர்மிட் என்று சொல்லப்படுவது, கட்டாயம் வேண்டும். அதைப் பெறுவதற்கு அடையாள ஆவணமாக இரண்டில் ஒன்றைக் காட்ட வேண்டும்: குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, அல்லது இந்தியத் தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை. எதுவானாலும் அசல் கையில் இருக்க வேண்டும்; நகலையோ கைப்பேசியில் எடுத்த படத்தையோ நம்பிக் கிளம்பக் கூடாது.

ஆதார் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான் அட்டை ஆகியவற்றை ஏற்பார்களா?

ஏற்பதில்லை. எல்லையில் மிகுதியாக ஏமாற்றம் தருவது இந்த ஒரு விஷயம்தான்; ஏமாறுபவர்கள் மீது முழுக் குற்றமும் சொல்ல முடியாது. 15 வயதுக்குக் குறைந்தவர்களும் 65 வயதைக் கடந்தவர்களும் நேபாளம், பூட்டான் ஆகிய நாடுகளுக்குச் செல்ல ஆதாரைப் பயன்படுத்தலாம் என்று 2019-இல் இந்திய உள்துறை அமைச்சகம் அறிவித்தது. அந்த அறிவிப்பு இந்தியாவை விட்டு வெளியே செல்வதைப் பற்றியது. உள்ளே விடலாமா என்பதை முடிவு செய்வது பூட்டான் குடியேற்றத் துறை; அவர்கள் கேட்பது கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அட்டை.

எங்களுடன் ஒருமுறை வந்த 68 வயதுப் பெரியவர், அந்தச் செய்தி வந்த நாளிதழ்த் துண்டையே மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். கவுண்டரில் இருந்த அதிகாரி அதை மரியாதையாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், பெர்மிட் கொடுக்கவில்லை. பெரியவரின் வாக்காளர் அட்டை ஊரில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. அவரும் அவருடைய மகனும் டார்ஜிலிங் போய்விட்டுத் திரும்பினார்கள்.

குழந்தைகளுக்கு என்ன ஆவணம் வேண்டும்?

18 வயது நிறையாதவர்களுக்குக் கடவுச்சீட்டு இருந்தால் நல்லது. இல்லையென்றால் அசல் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் விவரங்கள் ஆங்கிலத்தில் இருப்பது அவசியம். தமிழ்நாட்டுச் சான்றிதழ்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படுவதால் மொழியால் சிக்கல் வருவதில்லை. சிக்கல் வேறோர் இடத்தில் வருகிறது. பெயர் சூட்டுவதற்கு முன்பே மருத்துவமனை வழியாகப் பிறப்பைப் பதிவு செய்துவிடுவது நம் ஊர் வழக்கம். அதனால் பல சான்றிதழ்களில் குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே இருக்கும். பெயர் இல்லாத சான்றிதழ் யாருடையது என்று எல்லையில் நிரூபிக்க முடியாது. உள்ளாட்சி அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்து புதிய சான்றிதழ் வாங்கிய பிறகே பயணத் தேதியை முடிவு செய்யுங்கள்.

சிறுவர்கள் பெற்றோருடனோ பொறுப்பான பெரியவருடனோதான் செல்ல வேண்டும். தாத்தா பாட்டியோ சித்தப்பாவோ அழைத்துச் செல்வதாக இருந்தால், பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதத்தையும் அவர்களுடைய அடையாள அட்டை நகல்களையும் உடன் வைத்துக்கொள்வது நல்லது. 18 வயது முடிந்தும் வாக்காளர் பட்டியலில் இன்னும் பெயர் சேராத கல்லூரி மாணவர்கள் கடவுச்சீட்டு எடுத்தே ஆக வேண்டும்; கல்லூரி அடையாள அட்டை எதற்கும் பயன்படாது.

வாக்காளர் அட்டையில் ‘செ. முருகன்’ என்றும் விமானச் சீட்டில் ‘முருகன் செல்லையா’ என்றும் இருந்தால் பரவாயில்லையா?

முன்னெழுத்தை விரிப்பது நம் ஊரில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் வருகிற தொல்லை. இங்கும் அது வரும். பெர்மிட் விண்ணப்பம், விமானச் சீட்டு, விடுதி முன்பதிவு மூன்றிலும், நீங்கள் காட்டப்போகும் அடையாள ஆவணத்தில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துகளில் பெயரைக் கொடுங்கள். கடவுச்சீட்டும் வாக்காளர் அட்டையும் இரண்டுமே இருந்து, இரண்டிலும் பெயர் வேறு வேறாக இருந்தால், ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து முழுப் பயணத்துக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

எஸ்.டி.எஃப். என்பது என்ன? ஒருவருக்கு எவ்வளவு?

நிலைத்த வளர்ச்சிக் கட்டணம் என்பதன் ஆங்கிலச் சுருக்கமே எஸ்.டி.எஃப். சுற்றுலாப் பயணி பூட்டானில் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அந்நாட்டு அரசுக்குச் செலுத்தும் வரி இது. விடுதி வாடகை, உணவு, வண்டி, நுழைவுச் சீட்டு எதுவும் இதில் அடங்காது. இந்தியர்களுக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். 6 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாதி. அதற்கும் குறைந்த வயதுக் குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை.

கணவன், மனைவி, ஒன்பது வயது மகள், நான்கு வயது மகன் ஆகிய நால்வர் ஐந்து இரவுகள் தங்கினால், பெரியவர்கள் இருவருக்கும் சேர்த்து 12,000, மகளுக்கு 3,000, ஆக மொத்தம் 15,000 ரூபாய். கணக்கு இரவுகளை வைத்தே போடப்படுகிறது, பகல்களை வைத்தல்ல. ஆகவே ‘ஐந்து நாள், நான்கு இரவு’ என்று பயண ஏற்பாட்டாளர் விளம்பரம் செய்தால் நான்கு இரவுக்குத்தான் கட்டணம். அவர் சொல்லும் மொத்தத் தொகையில் இது சேர்ந்திருக்கிறதா, தனியா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மலிவாகத் தெரியும் பல விலைப்பட்டியல்களில் மலிவுக்குக் காரணம் இந்த வரியைச் சேர்க்காததுதான்.

முன்பெல்லாம் இந்தியர்கள் இந்தக் கட்டணம் இல்லாமல்தானே போய் வந்தார்கள்?

ஆம். 1974-இல் வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது முதல், எண்ணிக்கை குறைவாகவும் வருமானம் நிறைவாகவும் இருக்க வேண்டும் என்பதே பூட்டானின் கொள்கை. ஆனால் இந்தியர்களுக்கு நீண்ட காலம் இந்த வரியிலிருந்து விலக்கு இருந்தது. காலப்போக்கில் வருவோரில் பெரும்பான்மையினர் இந்தியர்களாகவே ஆனார்கள். ஒரு சிறிய மலைநாட்டின் சாலைகளும் மடாலயங்களும் அந்தக் கூட்டத்தைத் தாங்க முடியாத நிலை வந்தது. 2020-இல் நிறைவேற்றப்பட்ட சட்டம் 1,200 ரூபாய்க் கட்டணத்தைக் கொண்டுவந்தது. அதற்குள் கொரோனாவால் எல்லை மூடப்பட்டுவிட்டதால், 2022 செப்டம்பர் 23 அன்று நாடு மீண்டும் திறக்கப்பட்ட பிறகே பெரும்பாலானோர் அதை உணர்ந்தார்கள். இலவச மருத்துவம், கல்வி, காடு காத்தல் ஆகியவற்றுக்கு இந்தப் பணம் செல்கிறது என்கிறது அரசு. நாட்டின் நிலப்பரப்பில் 60 விழுக்காடாவது என்றும் காடாக இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்திலேயே எழுதி வைத்திருப்பவர்கள் அவர்கள்.

பெர்மிட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பூட்டான் அரசின் சுற்றுலா இணையதளம் வழியாக நீங்களே விண்ணப்பிக்கலாம்; அல்லது பூட்டானில் பதிவு பெற்ற பயண ஏற்பாட்டாளர் உங்களுக்காகச் செய்வார். அடையாள ஆவணத்தின் தெளிவான படம், அண்மையில் எடுத்த புகைப்படம், எந்த நாளில் எந்த ஊர் என்ற பயணத் திட்டம், விடுதி முன்பதிவு ஆகியவற்றை இணைத்துக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும். சென்னையில் எந்தத் தூதரகத்துக்கும் நடக்க வேண்டியதில்லை. புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே இதை முடித்துவிடுவது நிம்மதி.

தரைவழியாகச் செல்வோர் பூட்டானின் எல்லை நகரான ஃபுண்ட்ஷோலிங்கில் உள்ள குடியேற்ற அலுவலகத்திலும் நேரில் பெறலாம். அங்கே விரல் ரேகையும் படமும் எடுத்துக்கொள்வார்கள். விடுமுறைக் காலத்தில் வரிசை நீளும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பூட்டானின் நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னால் ஓடுகிறது. உங்கள் கைக்கடிகாரத்தில் நாலரை ஆகும்போது அங்கே ஐந்து. ‘இன்னும் அரை மணி இருக்கிறதே’ என்று தேநீர் குடித்துவிட்டு நிதானமாகப் போய், சாத்திய கதவைப் பார்த்தவர்கள் உண்டு.

தமிழ்நாட்டிலிருந்து தரைவழியாகச் செல்வது எப்படி?

பெரும்பாலோர் பயன்படுத்துவது மேற்கு வங்கத்தின் ஜெய்காவ் நகருக்கும் பூட்டானின் ஃபுண்ட்ஷோலிங்குக்கும் இடையில் உள்ள வாசல். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு சுவரும் ஓர் அலங்கார வாயிலும்தான். இந்தப் பக்கம் ஹாரன் சத்தமும் நெரிசலும், அந்தப் பக்கம் நடைபாதையில் நடக்கும் மனிதர்களும் அமைதியும். சென்னையிலிருந்தோ, கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் செல்லும் விவேக் விரைவு ரயிலிலோ நியூ ஜல்பைகுரி வரை வரலாம். அங்கிருந்து ஜெய்காவ் சாலைவழியாக ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ரயிலிலேயே நெருங்க விரும்புவோருக்கு அருகிலுள்ள நிலையம் ஹாசிமாரா. விமானத்தில் வருவோர் பாக்டோக்ராவில் இறங்கலாம்.

நடந்து நுழைவோருக்குத் தனி முனையம் இருக்கிறது. அலங்கார வாயில் வண்டிகளுக்கு. பெர்மிட் கைக்கு வந்தபின் ஃபுண்ட்ஷோலிங்கிலிருந்து மலையேறும்போது, சில கிலோமீட்டர் தொலைவில் ரிஞ்செண்டிங் சோதனைச் சாவடியில் அதைச் சரிபார்ப்பார்கள். தலைநகரான திம்பு போய்ச் சேர ஐந்தாறு மணி நேரம் ஆகும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டரில் கிளம்பி 2,300 மீட்டருக்கு ஏறும் வளைவுச் சாலை என்பதால், வாந்தி வரும் வழக்கமுள்ளவர்கள் வயிற்றை நிரப்பிக்கொண்டு ஏற வேண்டாம்.

மேற்கே சம்ட்சே, அசாம் எல்லையில் கெலேபு, சம்த்ருப் ஜோங்கர் ஆகிய வாசல்களும் உண்டு. கிழக்குப் பூட்டானை மட்டும் பார்க்க வருவோருக்குக் குவாஹாட்டி வழியாகச் சம்த்ருப் ஜோங்கர் போவதே அறிவார்ந்த வழி.

எல்லை ஊரில் ஓர் இரவு தங்கினால் அதற்கும் கட்டணமா?

குறிப்பிட்ட எல்லைக்குள்ளாக, மேற்சொன்ன எல்லை நகரங்களில் 24 மணி நேரம் வரை தங்குவோருக்கு எஸ்.டி.எஃப். விலக்கு உண்டு. சோதனைச் சாவடியைத் தாண்டி உள்ளே போனால் கட்டணம் தொடங்கிவிடும். நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு ஜெய்காவில் தூசியும் இரைச்சலுமாகத் தங்குவதைவிட, எல்லை தாண்டி ஃபுண்ட்ஷோலிங்கில் உறங்கி எழுந்து மறுநாள் காலையில் மலையேறுவதே என் பரிந்துரை.

விமானத்தில் செல்வோருக்கு?

பன்னாட்டு விமான நிலையம் பாரோவில் இருக்கிறது. ட்ருக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் ஆகிய இரண்டு அந்நாட்டு நிறுவனங்கள் அங்கே பறக்கின்றன. சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை; தில்லியிலோ கொல்கத்தாவிலோ மாற வேண்டும். இந்தியாவிலிருந்து நேராகப் பாரோ செல்லும் இந்தியருக்கு வாக்காளர் அட்டையே போதும். பாங்காக் வழியாகச் செல்வதாகவோ திரும்புவதாகவோ இருந்தால் கடவுச்சீட்டு இல்லாமல் முடியாது.

பாரோ பள்ளத்தாக்கு குறுகியது. விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்தே இறக்க வேண்டும் என்பதால் பகல் வெளிச்சத்தில்தான் விமானங்கள் இயங்குகின்றன. மேகம் கவிந்தால் தாமதமாகும், சில வேளைகளில் ரத்தாகும். திரும்பும் நாளில் கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கு அடுத்த இரண்டு மணி நேரத்தில் விமானம் பிடிப்பதாகத் திட்டம் போடுவது, குறிப்பாக மழைக்காலத்தில், பணத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம்.

இலங்கை, மலேசிய, சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழர்களுக்கும் இதே விதிகளா? ஓ.சி.ஐ. அட்டை இருந்தால்?

இல்லை. பூட்டான் பார்ப்பது கடவுச்சீட்டை, பூர்விகத்தை அல்ல. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு வழங்கும் ஓ.சி.ஐ. அட்டை இந்தியாவுக்குள் தரும் சலுகைகளில் எதுவும் பூட்டானில் செல்லாது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா, பிரிட்டன் என எந்த நாட்டவராக இருந்தாலும் முன்கூட்டியே விசா பெற வேண்டும். விசாக் கட்டணம் 40 அமெரிக்க டாலர். அது திரும்பக் கிடைக்காது. எஸ்.டி.எஃப். ஓர் இரவுக்கு 100 டாலர். 2022-இல் இது 200 டாலராக இருந்தது. 2023 செப்டம்பரில் பாதியாகக் குறைத்து, 2027 ஆகஸ்ட் இறுதி வரை அந்தச் சலுகை நீடிக்கும் என்று அறிவித்தார்கள். குழந்தைகளுக்கான சலுகை இதற்கும் பொருந்தும்.

கலப்புக் குடும்பங்கள் இதைக் கவனமாகக் கணக்கிட வேண்டும். மதுரைக்காரரான மனைவி நான்கு இரவுக்கு 4,800 ரூபாய் கட்டும்போது, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இலங்கைக் குடிமகனான கணவர் விசாவுடன் சேர்த்து 440 டாலர் கட்ட வேண்டியிருக்கும். ஒரே அறை, ஒரே வண்டி, ஒரே சாப்பாடு. கட்டணத்தில் மட்டும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு.

வெளிநாட்டவர் தரைவழியாகச் செல்லும்போது இன்னொரு கண்ணியும் இருக்கிறது. இந்தியர்களைப் போல அவர்கள் வாயிலைக் கடந்து நடந்துவிட முடியாது. இந்தியப் பக்கத்துக் குடியேற்ற அலுவலகத்தில் வெளியேறும் முத்திரை பெற வேண்டும். திரும்பி வர இந்திய விசா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நுழைய இடம் தருவதாகவும், அந்தத் தரை வாசல் வழியாக நுழைய அனுமதிப்பதாகவும் இருக்க வேண்டும். இந்திய இ-விசாவில் வந்தவர்கள் இந்த இரண்டையும் சரிபார்க்காமல் ஜெய்காவ் பக்கம் போக வேண்டாம். அசாமின் தரங்காவில் 2024 நவம்பரில் குடியேற்றச் சாவடி திறக்கப்பட்டதால், சம்த்ருப் ஜோங்கர் வழியும் இப்போது வெளிநாட்டவருக்கு உண்டு.

வழிகாட்டி கட்டாயமா?

திம்பு, பாரோ ஆகிய இரண்டு ஊர்களிலும் சுற்ற வழிகாட்டி கட்டாயமில்லை. அவற்றைத் தாண்டிப் புனாகா, போப்ஜிகா, பும்தாங் என்று போவதானால் உரிமம் பெற்ற பூட்டானிய வழிகாட்டி உடன் வர வேண்டும். மலையேற்றப் பாதைகளுக்கும் அப்படியே.

சொந்தக் காரிலோ மோட்டார் சைக்கிளிலோ போகலாமா?

தனி அனுமதி பெற்றுப் போகலாம். வாகனப் பதிவுச் சான்று, காப்பீடு, மாசுச் சான்று, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் அசல்கள் வேண்டும். 2022 முதல் இந்தியப் பதிவெண் கொண்ட சுற்றுலா வண்டிகளுக்கு நாளொன்றுக்கு 4,500 ரூபாய் என்று கட்டணம் வைத்தார்கள். வண்டியை இந்தியப் பக்கம் நிறுத்திவிட்டுப் பூட்டான் வண்டியை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று மறைமுகமாகச் சொல்வதுதான் இது. குடும்பமாகச் செல்வோருக்கு அதுவே மலிவும்கூட.

எவ்வளவு பணம், எந்த வடிவில் கொண்டு செல்வது?

பூட்டானின் நாணயமான நுல்ட்ரம் இந்திய ரூபாய்க்குச் சரிநிகராக, ஒன்றுக்கு ஒன்று என்ற மதிப்பில் இருக்கிறது; ரூபாய்த் தாளைக் கடைக்காரர்கள் தயங்காமல் வாங்குகிறார்கள். 100 ரூபாய் வரையிலான தாள்களை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துச் செல்லலாம். 200, 500 ரூபாய்த் தாள்கள் மொத்தம் 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பீம் யு.பி.ஐ. பூட்டானில் 2021 ஜூலையில் தொடங்கப்பட்டது. ஆனால் ஊரில் பூக்காரம்மாவிடம் ஸ்கேன் செய்வதுபோல அங்கே எல்லா இடத்திலும் செய்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். வண்டி ஓட்டுநருக்கும் சிறு கடைகளுக்கும் கையில் தாள் இருக்கட்டும்.

நுழைவுச் சீட்டுகளுக்கும் பணம் ஒதுக்குங்கள். கோட்டை மடாலயங்களான ஜோங்குகளுக்கும் கோயில்களுக்கும் தனித்தனிக் கட்டணம் உண்டு. பாறை விளிம்பில் தொங்குவதுபோல் நிற்கும் பாரோ தக்ஸங் மடத்துக்கு இருப்பதிலேயே கூடுதல்.

எதைக் கொண்டுபோகக் கூடாது? எதைக் கொண்டுவரக் கூடாது?

புகையிலைப் பொருள்களை எடுத்துச் சென்றால் சுங்கத்தில் சொல்லிவிட வேண்டும். வரி கட்டச் சொல்வார்கள். 2004-இல் புகையிலை விற்பனையையே தடை செய்த நாடு அது. விற்பனைத் தடை 2021-இல் நீங்கியது என்றாலும் பொது இடத்தில் புகைத்தால் அபராதம் உண்டு. ட்ரோன் பறக்கவிட அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையத்தின் முன் அனுமதி வேண்டும். அன்றாடம் சாப்பிடும் மாத்திரைகளை மருத்துவரின் சீட்டுடன் எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது பழைய சிலைகள், ஓவியங்கள் போன்றவற்றைச் சான்றில்லாமல் கொண்டுவர முடியாது.

நினைத்ததைவிடக் கூடுதல் நாள் தங்க நேர்ந்தால்?

பெர்மிட்டின் கடைசித் தேதிக்கு முன்பே குடியேற்றத் துறையிடம் நீட்டிப்புக் கேட்டு, கூடுதல் இரவுகளுக்கான எஸ்.டி.எஃப்.பைச் செலுத்த வேண்டும். தேதி கடந்தபின் போனால் அபராதம். கடவுச்சீட்டோ வாக்காளர் அட்டையோ தொலைந்துவிட்டால் முதலில் காவல் நிலையத்தில் புகார் பதிந்து, பிறகு திம்புவில் உள்ள இந்தியத் தூதரகத்தையோ ஃபுண்ட்ஷோலிங்கில் உள்ள துணைத் தூதரகத்தையோ அணுகுங்கள்.

மிச்சமான நுல்ட்ரத்தை என்ன செய்வது?

ஊருக்குக் கொண்டுவந்தால் அது நினைவுப் பொருள் மட்டுமே; சென்னையில் மாற்ற முடியாது. ஃபுண்ட்ஷோலிங்கிலேயே செலவழித்துவிடுங்கள். மறந்து வாயிலைக் கடந்துவிட்டாலும் ஜெய்காவ் கடைகளில் வாங்கிக்கொள்வார்கள்.